ஹெக்ஸ் டீகோட்: எந்த லைப்ரரி, எந்த டைப்?

பைட்டுகளை ஹெக்ஸ் எழுத்துகளாக (0 முதல் 9, ஏ முதல் எஃப் வரையான 16 குறிகள்; பேஸ்16 என்பதும் இதுவே) மாற்றும் வேலை, அதாவது என்கோட், தோற்கவே முடியாது. எந்த பைட் வந்தாலும் மேல் நான்கு பிட்டுக்கு ஓர் எழுத்து, கீழ் நான்கு பிட்டுக்கு ஓர் எழுத்து. நீளம் சரியாக இரண்டு மடங்கு. திரும்பி வரும் பாதை, அதாவது டீகோட், அப்படியல்ல. எழுத்துகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கலாம், நடுவே ஹெக்ஸ் அல்லாத எழுத்து வரலாம், கடைசியில் ஒரு வரிமுறிவு ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஆகவே லைப்ரரியைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியது அது எவ்வளவு வேகமாக என்கோட் செய்கிறது என்பதை அல்ல; தவறான உள்ளீடு வந்தால் டீகோட் ஃபங்ஷன் என்ன திருப்பித் தருகிறது என்பதை. ஃபங்ஷனல் மொழிகளில் இந்தக் கேள்விக்கான பதில் பெரும்பாலும் டைப்பிலேயே எழுதியிருக்கும். அதைப் படித்தாலே பாதி முடிவு வந்துவிடும்.

ஹாஸ்கெல் என்ற ஃபங்ஷனல் மொழியில் எழுதுபவருக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பொதுவான வேலைக்கு பேஸ்16-பைட்ஸ்ட்ரிங், 1.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு. கிரிப்டோ லைப்ரரி ஏற்கெனவே புராஜெக்டில் இருந்தால் மெமரி என்ற லைப்ரரி. ஹெக்ஸாக எழுத மட்டும் வேண்டும், படிக்க வேண்டாம் என்றால் பைட்ஸ்ட்ரிங்கோடு (பைட் சரங்களுக்கான ஹாஸ்கெல் லைப்ரரி) வரும் பில்டர் மாட்யூலே போதும், தனி டிபெண்டன்ஸி வேண்டாம். இவற்றில் எதை எடுத்தாலும், ஹெக்ஸ் வடிவத்துக்கென்று ஒரு தனி நியூடைப் (ஏற்கெனவே உள்ள டைப்பைச் சுற்றிய, தனிப் பெயருள்ள புது டைப்) வைத்துக்கொள்ளுங்கள்.

கையால் எழுதினால்

பத்து வரி வேலைதானே, லைப்ரரி எதற்கு என்று தோன்றும். எழுதலாம்தான். ஆனால் பெரும்பாலோர் முதலில் கை வைப்பது நியூமரிக் மாட்யூலின் ஷோஹெக்ஸில். அது ஓர் எண்ணை ஹெக்ஸாகக் காட்டுவதற்கானது; பைட்டை இரண்டு எழுத்தாகக் காட்டுவதற்கானது அல்ல. முன்னால் வரும் பூஜ்ஜியத்தை அது எழுதாது. 1, 2 என்ற இரண்டு பைட்டுகளை ஒவ்வொன்றாக ஷோஹெக்ஸில் கொடுத்து ஒட்டினால் "0102" வராது, "12" வரும். அதை டீகோட் செய்தால் 18 என்ற ஒரே பைட் கிடைக்கும். பிழைச் செய்தி எதுவும் இருக்காது.

இந்தப் பிழை எப்போது கண்ணில் படும் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு பைட் 16-க்குக் குறைவாக இருந்தால்தான் சிக்கல். அதாவது 16-இல் 1 வாய்ப்பு. 32 பைட் கொண்ட ஷா-256 ஹாஷ் (தரவின் சுருக்க அடையாளம்) ஒன்று இதில் சிக்காமல் தப்புவதற்கான வாய்ப்பு சுமார் 13 சதவீதம்தான். எனவே முதல் சில சோதனைகளிலேயே 64-க்குப் பதில் 62 அல்லது 61 எழுத்து வந்து நிற்கும், பிடித்துவிடலாம். 4 பைட் அடையாள எண்ணாக இருந்தால் தப்பும் வாய்ப்பு சுமார் 77 சதவீதம். நாலைந்து உதாரணங்களை வைத்துப் பார்த்து "சரியாகத்தான் வருகிறது" என்று விட்டுவிட இது போதும். அதனால் சிறிய பைட் சரங்களில்தான் இந்தப் பிழை அதிக நாள் ஒளிந்திருக்கும்.

பில்டரிலும் இதே பொறி உண்டு. வேர்ட்8ஹெக்ஸ் முன்பூஜ்ஜியத்தை விட்டுவிடும். வேர்ட்8ஹெக்ஸ்ஃபிக்ஸ்ட் எப்போதும் இரண்டு எழுத்து தரும். பெயரில் "ஃபிக்ஸ்ட்" இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். முழு பைட் சரத்துக்கு பைட்ஸ்ட்ரிங்ஹெக்ஸ் என்ற ஃபங்ஷன் நேராகவே இருக்கிறது.

பிரிண்ட்எஃப்-இல் இரண்டு இலக்க அகலமும் பூஜ்ஜிய நிரப்பலும் கொடுத்து ஒவ்வொரு பைட்டாக ஓட்டினால் விடை சரியாகவே வரும். விலை வேறு இடத்தில் இருக்கிறது: ஒவ்வொரு பைட்டுக்கும் ஃபார்மேட் சரம் புதிதாக அலசப்படுகிறது, விடையும் ஹாஸ்கெலின் ஸ்ட்ரிங்காக, அதாவது எழுத்துகளின் லிஸ்ட்டாக வருகிறது. 64 பிட் கணினியில் ஜிஹெச்சி (ஹாஸ்கெல் கம்பைலர்) அந்த லிஸ்ட்டின் ஒவ்வொரு கண்ணிக்கும் 24 பைட் எடுக்கும். 1 எம்பி தரவை ஹெக்ஸாக்கி முழுதாகப் பிடித்து வைத்தால் சுமார் 50 எம்பி நினைவகம். லாகில் ஒரு ஹாஷைக் காட்ட இது பிரச்சினையே இல்லை. கோப்பு அளவில் இது செல்லாது.

கையால் டீகோட் எழுதுபவர்கள் டிஜிட்டுஇன்ட் ஃபங்ஷனை நம்புவார்கள். ஹெக்ஸ் அல்லாத எழுத்து வந்தால் அது ஓடும் நேரத்தில் வெடிக்கும். முன்னால் இஸ்ஹெக்ஸ்டிஜிட் சோதனை இருந்தே ஆக வேண்டும். அந்தச் சோதனை ஆஸ்கி எழுத்துகளை மட்டுமே ஏற்கும் என்பது நல்ல செய்தி: தமிழ் எண் ௧ அதில் தேறாது, தேறவும் கூடாது.

டீகோட் தரும் விடையின் வடிவம்

ஒப்பீட்டின் நடுப்புள்ளி இதுதான். ஒரே லைப்ரரியின் இரண்டு பதிப்புகளே இதை நன்றாகக் காட்டும்.

பேஸ்16-பைட்ஸ்ட்ரிங்கின் 0.1 வரிசையில் டீகோட் ஒரு ஜோடியைத் தந்தது: டீகோட் ஆன முன்பகுதி, டீகோட் ஆகாமல் மிஞ்சிய பின்பகுதி. "3132-3" என்று கொடுத்தால் முதல் பாதியில் ஹெக்ஸ் மதிப்பில் 31, 32 ஆகிய இரண்டு பைட்டுகளும், இரண்டாம் பாதியில் "-3" என்ற மிச்சமும் வரும். மிச்சம் காலியாக இருந்தால் மட்டுமே முழு வெற்றி. இந்த வடிவத்தில் தகவல் எதுவும் தொலையவில்லை என்பது உண்மை. ஆனால் அதைப் பயன்படுத்துபவர் எஃப்எஸ்டி போட்டு முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால் கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லாது. பாதி வெட்டப்பட்ட ஹாஷ் முழு ஹாஷ் போலவே உள்ளே நடமாடும். பழைய நிரல்களில் இந்த எஃப்எஸ்டி-ஐத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் அங்கே ஒரு பிழை காத்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

1.0-இல் அதே பெயருள்ள ஃபங்ஷன் ஈதர் தருகிறது: லெஃப்ட் பக்கம் பிழைச் செய்தி, ரைட் பக்கம் பைட்டுகள். நீளம் தவறா, தவறான எழுத்து எந்த இடத்தில் இருக்கிறது என்று செய்தி சொல்லும். விடையைத் தொட வேண்டுமானால் பிழையையும் பார்த்தே ஆக வேண்டும். இதுவே சரியான வடிவம் என்று தயக்கமின்றிச் சொல்லலாம்.

பதிப்பு மாற்றும்போது பெரும்பாலான இடங்களில் கம்பைலரே தடுத்துக் காட்டும். கவனிக்க வேண்டிய ஓர் ஓட்டை மட்டும் உண்டு. ஜோடியும் ஃபங்க்டர் (உள்ளிருக்கும் மதிப்பின் மேல் எஃப்மேப் கொண்டு ஒரு ஃபங்ஷனை ஓட்டக்கூடிய டைப்), ஈதரும் ஃபங்க்டர். டீகோட் விடையின் மேல் எஃப்மேப் ஓட்டிய வரி இரண்டு பதிப்பிலும் கம்பைல் ஆகும்; பழையதில் அது மிச்சத்தின் மேல் ஓடும், புதியதில் விடையின் மேல். லெங்த், நல் போன்றவற்றை நேராக டீகோட் விடையின் மேல் போட்டிருந்தாலும் இதே கதை: ஜோடியின் நீளம் எப்போதும் 1. இந்த வரிகளைக் கையால்தான் பார்க்க வேண்டும்.

அதே 1.0-இல் டீகோட்லீனியன்ட் என்று இன்னொன்றும் இருக்கிறது. அது ஒருபோதும் தோற்காது. ஹெக்ஸ் அல்லாத எழுத்துகளை விட்டுவிட்டு மீதியைக் கோக்கும். கேட்கச் சௌகரியமாக இருக்கும் இது என்ன செய்யும் என்பதை அருகில் வைத்துப் பாருங்கள். "0" என்ற எழுத்தும் "எக்ஸ்" என்ற ஆங்கில எழுத்தும் முன்னொட்டாக வர, தொடர்ந்து 1234 என்று ஒரு மதிப்பு வருகிறது. வர வேண்டியவை 12, 34 என்ற இரண்டு பைட்டுகள். லீனியன்ட் முன்னொட்டின் எக்ஸை மட்டும் தூக்கி எறியும். அதன் முன்னால் இருந்த பூஜ்ஜியம் சுத்தமான ஹெக்ஸ் எழுத்து, அது தங்கிவிடும். மிஞ்சுவது 01234. இரண்டிரண்டாகப் பிரித்தால் 01, 23. கடைசி 4 துணையில்லாமல் விழுந்துவிடும். விடையும் இரண்டு பைட், வர வேண்டியதும் இரண்டு பைட். நீளச் சோதனைகூட இதைப் பிடிக்காது. நடுவே ஓர் எழுத்து சிதைந்தாலும் இதே நகர்வுதான்: "313233"-இல் இரண்டாவது எழுத்து கெட்டுப்போனால் விடை 33, 23 என்று வரும்.

பேஸ்16-ஐ வரையறுக்கும் இணைய ஆவணமான ஆர்எஃப்சி 4648 (2006) இதில் தெளிவாக இருக்கிறது: அட்டவணையில் இல்லாத எழுத்து வந்தால், அந்த வடிவத்தைக் குறிப்பிடும் ஆவணம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, மறுக்க வேண்டும். லீனியன்ட் அந்த விதிக்கு வெளியே நிற்கிறது. மனிதர் கையால் தட்டிய ஹெக்ஸ் டம்பில் இடைவெளிகளை நீக்க வேண்டுமென்றால், இடைவெளியை மட்டும் நீங்களே ஃபில்டர் செய்துவிட்டு கண்டிப்பான டீகோடிடம் கொடுங்கள்.

மற்ற ஹாஸ்கெல் லைப்ரரிகள்

பேஸ்16 என்ற தனி லைப்ரரி (பெயரில் பைட்ஸ்ட்ரிங் இல்லாதது) டெக்ஸ்ட்டை (ஹாஸ்கெலின் எழுத்துச் சர டைப்) முதல் தரமாக நடத்துகிறது. ஹெக்ஸ் என்பது எழுத்துதானே, அது டெக்ஸ்ட்டாக வருவதுதான் இயல்பு என்பது அதன் பார்வை. அதன் 1.0 பதிப்பு இன்னும் ஒரு படி மேலே போய், "இது ஏற்கெனவே சரிபார்த்த பேஸ்16" என்று சொல்லும் உறை டைப்பைக் கொண்டுவந்தது. உறைக்குள் இருப்பதை டீகோட் செய்ய ஈதர் தேவையில்லை, வெளியிலிருந்து வரும் உறையில்லாத பைட்டுகளுக்கு மட்டுமே ஈதர். ஜேசன், எச்டிஎம்எல் போன்று டெக்ஸ்ட் அதிகம் புழங்கும் புராஜெக்டில் இது பொருத்தம்.

மெமரி லைப்ரரியின் கன்வர்ட்டுபேஸ், கன்வர்ட்ஃப்ரம்பேஸ் இரண்டும் பல உள்ளீட்டு வகைகளை ஏற்கும். கிரிப்டான் என்ற கிரிப்டோ லைப்ரரி தரும் டைஜஸ்ட்டை (ஹாஷ் விடையை) பைட்ஸ்ட்ரிங்காக மாற்றாமலே நேராகக் கொடுக்கலாம். இதுதான் அதை எடுக்க முதல் காரணம். விடையின் டைப்பும் பொதுவானதாக இருப்பதால் பல இடங்களில் டைப் குறிப்பை நீங்கள் எழுதியாக வேண்டும், இல்லாவிட்டால் "அம்பிகுவஸ்" என்று கம்பைலர் நிற்கும். பேஸ்64-ம் இதிலேயே இருக்கிறது. பேஸ்16 என்ற ஒரு சொல்லை மாற்றினால் போதும்.

ரகசியச் சாவிகளை மெமரி லைப்ரரியின் ஸ்க்ரப்ட்பைட்ஸ் டைப்பில் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த டைப் தன் உள்ளடக்கத்தைத் திரையில் காட்டாது, விடுவிக்கப்படும்போது நினைவகத்தையும் அழிக்கும். அதை ஹெக்ஸ் பைட்ஸ்ட்ரிங்காக மாற்றிய மறுகணம் அந்தக் காவல் இரண்டும் போய்விடும். தவிர, அட்டவணையில் தேடி எடுக்கும் என்கோடர்கள் எல்லாச் சாவிக்கும் ஒரே நேரம் எடுக்கும் என்று உறுதி தருவதில்லை. சாவியை ஹெக்ஸாக்கும் தேவையே வராமல் பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டும் ஒரே டைப்பாக இருப்பது

ஹெக்ஸ் வடிவமும் மூல பைட்டும் இரண்டுமே பைட்ஸ்ட்ரிங் என்றால், எது எது என்று கம்பைலருக்குத் தெரியாது. இருமுறை என்கோட் செய்துவிடுவது இதன் சாதாரண விளைவு: ஒவ்வொரு இலக்கத்துக்கும் முன்னால் 3 ஒட்டி "31323334" போல வரும். அந்தத் தொடர் 3-களைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

ஆபத்தான விளைவு குறியாக்கச் சாவிகளில்தான். 16 பைட் சாவி ஹெக்ஸில் 32 எழுத்து. டீகோட் செய்ய மறந்து அந்த 32 எழுத்துகளை அப்படியே சாவியாகக் கொடுத்தால், ஏஇஎஸ்-256 குறியாக்க முறைக்கு வேண்டியது 32 பைட், அது மறுப்பே இல்லாமல் ஏற்கும். என்கிரிப்ட் ஆகும், டிகிரிப்ட்டும் ஆகும். ஒவ்வொரு பைட்டிலும் 4 பிட் மட்டுமே தற்செயலானது, ஆகவே 256 பிட் என்று நம்பியது உண்மையில் 128 பிட். மறுமுனையில் இருப்பவர் சரியாக எழுதியிருந்தால் மட்டுமே குட்டு வெளிப்படும்: எதுவும் பொருந்தாது. ஹெச்மேக் (சாவி கொண்டு செய்தியின் நம்பகத்தைச் சரிபார்க்கும் முறை) எந்த நீளச் சாவியையும் ஏற்பதால் அங்கே தடுப்பு இன்னும் குறைவு.

இதற்கு மருந்து சின்னதுதான். ஒரு மாட்யூலில் ஹெக்ஸ் என்ற நியூடைப். கன்ஸ்ட்ரக்டரை எக்ஸ்போர்ட் செய்யாதீர்கள். அதை உருவாக்க இரண்டே வழி: பைட்டிலிருந்து என்கோட் (தோற்காது), டெக்ஸ்ட்டிலிருந்து பார்ஸ் (ஈதர்). உருவானபின் அதிலிருந்து பைட் எடுக்கும் ஃபங்ஷனுக்கு ஈதர் தேவையில்லை. பிழையைக் கையாளும் இடம் நிரலின் வாசலில் ஒன்றே ஒன்றாக ஆகிவிடும். ஒப்பிடுவதையும் இந்த டைப்பிலேயே தீர்த்துவிடலாம்: உள்ளே பைட்டுகளை வைத்திருந்தால், பெரிய எழுத்தில் வந்த ஹெக்ஸும் சிறிய எழுத்தில் வந்த ஹெக்ஸும் சமம் என்று தானாகவே வரும். எழுத்துகளை வைத்திருந்தால் வராது.

வேறு மொழிகளில்

எலிக்ஸிரில் பேஸ் மாட்யூலின் என்கோட்16 பெரிய எழுத்தில் எழுதும். டீகோட்16-ம் தன் இயல்பான அமைப்பில் பெரிய எழுத்தை மட்டுமே ஏற்கும். சிறிய எழுத்து ஹெக்ஸ் வந்தால் பிழை எது, எங்கே என்று சொல்லாமல் வெறும் எரர் ஆட்டம் (பெயரே மதிப்பான மாறிலி) மட்டும் திரும்பும். எண்கள் மட்டுமே உள்ள சோதனைத் தரவில் இது தெரியவே தெரியாது. வெளியிலிருந்து வரும் எதற்கும் கேஸ் விருப்பத்தை மிக்ஸ்ட் என்று கொடுத்துவிடுங்கள்.

எர்லாங்கில் ஓடிபி 24 பதிப்பு முதல் பைனரி மாட்யூலிலேயே என்கோட்_ஹெக்ஸ், டீகோட்_ஹெக்ஸ் உண்டு. என்கோட் பெரிய எழுத்தில். சிறிய எழுத்து வேண்டுமானால் ஓடிபி 26-இல் வந்த இரண்டாவது ஆர்க்யுமென்ட். டீகோட் இரண்டையும் ஏற்கும், தவறானால் பேட்ஆர்க் என்ற பிழை.

ஓகேமலின் ஹெக்ஸ் லைப்ரரியில் ஹெக்ஸ் வடிவத்துக்கு ஆரம்பத்திலிருந்தே தனி டைப் இருக்கிறது, மேலே சொன்ன கலப்படத்துக்கு நல்ல தடுப்பு. பெயர்கள்தான் குழப்பும்: ஆஃப்_ஸ்ட்ரிங் என்பது என்கோட், டு_ஸ்ட்ரிங் என்பது டீகோட். அந்த டைப்பைக் கையால் எந்தச் சரத்தைக்கொண்டும் உருவாக்கிவிட முடியும் என்பதால், டு_ஸ்ட்ரிங் இன்வாலிட்_ஆர்க்யுமென்ட் எக்ஸெப்ஷன் வீசலாம்.

எஃப் ஷார்ப்பில் டாட்நெட் 5 முதல் கன்வர்ட் வகுப்பின் டுஹெக்ஸ்ஸ்ட்ரிங், ஃப்ரம்ஹெக்ஸ்ஸ்ட்ரிங். முதலாவது பெரிய எழுத்து. இரண்டாவது எக்ஸெப்ஷன் வீசும், ஆகவே ரிசல்ட்டாகச் சுற்றிக்கொள்ளுங்கள். பழைய நிரல்களில் பிட்கன்வர்ட்டர் காணப்படும். அது பைட்டுகளுக்கு நடுவே கோடு போடும்.

ஸ்காலாவில் ஸ்கோடெக்-பிட்ஸ். அதன் ஃப்ரம்ஹெக்ஸ் ஆப்ஷன் தரும், ஃப்ரம்ஹெக்ஸ்டிஸ்க்ரிப்டிவ் காரணத்தோடு ஈதர் தரும். நிரலுக்குள் எழுதும் ஹெக்ஸ் மாறிலிகளைக் கம்பைல் நேரத்திலேயே சரிபார்க்கும் இன்டர்போலேட்டரும் உண்டு. இடைவெளி, அடிக்கோடு, முன்னொட்டு ஆகியவற்றை அதுவே ஏற்றுக்கொள்ளும். கண்டிப்பு வேண்டிய இடத்தில் இதை நினைவில் வையுங்கள்.

க்ளோஜரில் ஜாவா 17-இன் ஹெக்ஸ்ஃபார்மேட்டை நேராக அழைப்பதே சுத்தம். பிக்இன்டிஜர் வழியாகப் போகும் பழைய குறுக்குவழியை விட்டுவிடுங்கள்: எழுதும்போது முன்பூஜ்ஜியங்கள் போகும், படிக்கும்போது குறி பிட்டுக்காக முன்னால் ஒரு பூஜ்ஜிய பைட் கூடுதலாக வரலாம்.

உள்ளீட்டில் அடிக்கடி வருபவை

கோப்பிலிருந்து படித்த ஹெக்ஸின் கடைசியில் வரிமுறிவு இருக்கும். லினக்ஸ் வகை வரிமுறிவு ஒரே எழுத்து. நீளம் ஒற்றைப்படையாகி "நீளம் தவறு" என்று பிழை வரும். விண்டோஸ் வகை இரண்டு எழுத்து. நீளம் இரட்டைப்படையாகவே இருக்கும், பிழை "இந்த இடத்தில் தவறான எழுத்து" என்று வரும். ஒரே காரணத்துக்கு இரண்டு வேறு செய்திகள். டீகோடுக்கு முன் ஓரங்களை ஸ்ட்ரிப் செய்துவிட்டால் இரண்டும் தீரும். முன்னொட்டை ஸ்ட்ரிப்ப்ரிஃபிக்ஸ் கொண்டு, அது இருந்தால் மட்டும், ஒரே ஒருமுறை நீக்குங்கள்.

எழுத்துகளை ஹெக்ஸாக்குபவர்களுக்கு: ஹாஸ்கெலின் சார்8 மாட்யூலின் பேக் ஒவ்வொரு எழுத்தையும் 8 பிட்டாக வெட்டும். "அ" யுடிஎஃப்-8-இல் மூன்று பைட்: 224, 174, 133. ஹெக்ஸில் ஆறு எழுத்து வர வேண்டும். சார்8 பேக் வழியாகப் போனால் வருவது "85" மட்டும். அது 133-இன் ஹெக்ஸ். ஓவர்லோடட்ஸ்ட்ரிங்ஸ் என்ற கம்பைலர் நீட்சியைப் போட்டு நேராக பைட்ஸ்ட்ரிங்காக எழுதிய "அ"-வுக்கும் இதே கதிதான். டெக்ஸ்ட்டாக வைத்து என்கோட்யுடிஎஃப்8 வழியாகத்தான் போக வேண்டும்.

பெரிய கோப்புகள்

ஈதர் தரும் டீகோடுக்கு ஒரு விலை உண்டு. ரைட் என்று சொல்ல வேண்டுமானால் கடைசி எழுத்துவரை பார்த்தாக வேண்டும். தேவைப்படும்போது துண்டுகளாக வரும் லேசி பைட்ஸ்ட்ரிங்கைக் கொடுத்தாலும் விடை துண்டு துண்டாக ஒழுகாது. சில எம்பி வரை இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பல ஜிபி கோப்பென்றால் காண்டூயிட் அல்லது ஸ்ட்ரீமிங் லைப்ரரியில் துண்டுகளாக டீகோட் செய்யுங்கள். ஒவ்வொரு துண்டின் நீளமும் ஒற்றைப்படையா என்று பாருங்கள். ஆமென்றால் கடைசி எழுத்தைப் பிரித்து வைத்து அடுத்த துண்டின் முன்னால் ஒட்டுங்கள். ஓட்டம் முடியும்போது கையில் எழுத்து மிஞ்சினால் அது பிழை. கோப்பிலிருந்து படிக்கும்போது துண்டுகள் பெரும்பாலும் இரட்டைப்படையாகவே வருவதால் இந்தக் கிளை சோதனையில் ஓடாமலே போகும். நெட்வொர்க்கில் எந்த அளவிலும் வரும். 1, 3, 5 எழுத்துத் துண்டுகளாக நறுக்கி ஒரு சோதனை வையுங்கள். பாதி எழுதியபின் பிழை வரலாம் என்பதால் தற்காலிகக் கோப்பில் எழுதி, முழுதாக முடிந்தபின் பெயர் மாற்றுங்கள்.

சோதனை

"என்கோட் செய்து டீகோட் செய்தால் பழையது வர வேண்டும்" என்ற குவிக்செக் (தற்செயல் உள்ளீடுகளால் சோதிக்கும் லைப்ரரி) சோதனையை எல்லோரும் எழுதுவார்கள், எழுதவும் வேண்டும். என்கோட், டீகோட் இரண்டையும் ஒருவரே எழுதியிருந்தால் அது போதாது. மேல் நான்கு பிட்டையும் கீழ் நான்கு பிட்டையும் இரண்டு பக்கமும் இடம் மாற்றி எழுதியிருந்தால் அந்தச் சோதனை பச்சையாகவே இருக்கும். வெளி உலகத்தோடு பேசும்போதுதான் உடையும். அதனால் நிலையான மதிப்புகள் சில வேண்டும். ஆர்எஃப்சி 4648-இலேயே சோதனை மதிப்புகள் இருக்கின்றன. "123" என்ற ஆஸ்கி சரம் "313233" ஆக வேண்டும். இடம் மாறியிருந்தால் "132333" வரும்.

அதோடு காலிச் சரம், பைட் 0, பைட் 15, பைட் 16, பைட் 255. மறுக்கப்பட வேண்டியவையாக ஒற்றை எழுத்து, நடுவில் இடைவெளி, கடைசியில் வரிமுறிவு, முன்னொட்டு. டீகோட் செய்து என்கோட் செய்யும் எதிர்த்திசைச் சோதனையை எழுதினால் உள்ளீட்டைச் சிறிய எழுத்தாக்கிய பிறகே ஒப்பிடுங்கள். எலிக்ஸிர், எர்லாங், டாட்நெட்டில் பெரிய எழுத்தாக்கி.